கோலி அக்கா

குடியிருப்பில் அவளை எல்லோரும் கோலி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் கோலிக்குண்டு ஆட்டத்தில் கெட்டிக்காரியோ என்று நினைத்துக்கொள்வார்கள். அவளுக்கு எந்த ஆட்டமும் தெரியாது. அவளுடைய தம்பி குடியிருப்பின் கால்பந்து அணியில் கோல்கீப்பர். பையன்கள் வாயில் அது தேய்ந்து கோலி ஆயிற்று. கோலியின் அக்கா கோலி அக்கா ஆனாள். அதற்கு முன்னால் அவளுக்கு ஃபிட்டர் பொண்ணு என்று பட்டம். அப்பா சிமெண்ட் பாக்டரியில் ஃபிட்டராக இருந்த காலம் அது. பாக்டரியை மூடினதும் அந்தப் பட்டமும் அப்பாவோடு சேர்ந்து கட்டிலில் படுத்துவிட்டது.

அம்மா போனபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். அவளுக்குப் பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம். துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ அழுகிற குழந்தையைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தார்கள். அன்றைக்கு ஏறினவன் இறங்கவே இல்லை. பரீட்சை எழுதினாள், தேறினாள், மேலே படிக்கவில்லை. அப்பாவுக்கு நெஞ்சில் சிமெண்ட் தூசி சேர்ந்து இருமல் நிலைத்துவிட்ட பிறகு, டவுன் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். நடுவில் ஒரு எலக்ட்ரீஷியன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு வந்தான். நல்ல மாதிரி. வெளியூரில் வேலை கிடைத்து, நீ முதலில் வா, தம்பியையும் அப்பாவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். அந்தப் பிறகு என்பது எப்போது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. போகவில்லை. வருத்தமாக இல்லையா என்று யாராவது கேட்டால், அதுக்கெல்லாம் எங்க நேரம் என்பாள். சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டாள். அதனால் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

சலவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகத் தள்ளுவண்டியில் வரும். பிரிக்க வேண்டும், ரத்தக் கறை பட்டது தனி, மற்றது தனி. எந்திரத்திலிருந்து வெளியே எடுக்கும்போது ஈர விரிப்பு ஆள் கனம் கனக்கும். உலர்த்தி, சூடான உருளையில் கொடுத்து, இரண்டு பேர் இரண்டு முனையில் நின்று மடிக்க வேண்டும். நீராவியில் அவள் முகம் எப்போதும் இப்போதுதான் அழுதுவிட்டு வந்தவள் முகம் மாதிரி இருக்கும். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். நடத்துனர் அவள் இறங்குமிடம் வந்ததும் கம்பியைத் தட்டி எழுப்புவார்.

பாக்டரி மூடின பிறகு குடியிருப்பில் மிஞ்சியவர்கள் இரண்டு வகை. போக இடமில்லாதவர்கள், போக மனமில்லாதவர்கள். வரிசையாகக் கட்டின வீடுகளில் ஒன்றுவிட்டு ஒன்று பூட்டிக் கிடந்தது. பூட்டின வீடுகளின் ஜன்னல் கண்ணாடியைப் பையன்கள் பந்தடித்து உடைத்தாலும் கேட்க நாதியில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இதை மூடி டவுன் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. பாக்டரி போனது போகட்டும், பள்ளிக்கூடமும் போனால் இங்கே என்னதான் இருக்கிறது என்று ஜனங்கள் கவலைப்பட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பையன்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

பள்ளிக்கூடத்தின் பேரில் ஆடும் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் அணி. அதைக் கட்டி இழுத்தவர் பாக்டரியில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இப்போது கல் குவாரி வாசலில் லாரிகளை எடை போடுகிற வேலை. ஆளைப் பார்த்தால் பந்தாட்டத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தோன்றும். முழங்கால் மடங்காது, வயிறு முன்னால் நடக்கும், குரல் மட்டும் மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும். அவர் பையன்களுக்குப் பெரிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. தினமும் வரவைத்தார், அவ்வளவுதான். வேறு போக்கிடமில்லாத பையன்கள் தினமும் ஆடினால் ஆட்டம் தானாக வந்துவிடுகிறது.

பள்ளிகளுக்கான கோப்பைப் போட்டியில் முதல் சுற்று ஜெயித்தார்கள். இரண்டாவது ஜெயித்தார்கள். பெரிய டவுன் பள்ளி ஒன்றைத் தோற்கடித்ததும் குடியிருப்புக்கே கிறுக்குப் பிடித்தது. ஒரு கூட்டத்தில் தலைமையாசிரியை, பேர் வாங்கின பள்ளிக்கூடத்தில் அவ்வளவு சுலபமாகக் கைவைக்கமாட்டார்கள் என்று வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். ஒரே வார்த்தைதான். அதற்குக் கால் முளைத்தது, கை முளைத்தது. கோப்பை வந்தால் பள்ளிக்கூடம் தப்பிக்கும், பள்ளிக்கூடம் தப்பித்தால் பஸ் நின்றுபோகாது, பஸ் ஓடினால் பாக்டரியை வாங்க யாராவது வருவார்கள் என்று அது வளர்ந்துகொண்டே போயிற்று. கட்டிலில் கிடந்த அப்பாகூட, பையன்களின் ஆட்ட நாளில் இருமலை அடக்கிக்கொண்டு வெளிச் சத்தத்துக்குக் காது கொடுப்பார்.

தம்பிக்கு நீளக் கை, நீளக் கால். கோல் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு தாவுவான். எதிரணிப் பையன்கள் அவனுக்குப் பயந்தார்கள். அவனுடைய சட்டைகளோடு அணி முழுவதன் சட்டைகளையும் அவள்தான் துவைத்தாள். ஆஸ்பத்திரியில் துவைக்கிறவளுக்கு இது எம்மாத்திரம் என்று யாரோ சொல்ல, மூட்டை அவள் வாசலுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும் நேரத்துக்கு அவள் வீட்டில் ஊறவைக்க வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அரையிறுதி ஆட்டம் குடியிருப்பு மைதானத்திலேயே நடந்தது. கடைசி நேரத்தில் எதிரணிப் பையன் ஒருவன் பந்தோடு உள்ளே நுழைய, தம்பி அவன் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தான். அவனுடைய முழங்கால் தம்பியின் நெற்றிப்பொட்டில் இடித்தது. தம்பி கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தான். கிரேன்காரர் தண்ணீர் பாட்டிலோடு நொண்டி ஓடினார். பிறகு தம்பி எழுந்தான், கை தட்டினார்கள், ஆட்டம் தொடர்ந்தது. குடியிருப்பு ஜெயித்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்கள்.

உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தவன், "ஸ்கோர் என்னக்கா?" என்று கேட்டான்.

கேலி செய்கிறான் என்று நினைத்தாள். சொன்னாள். தலையாட்டினான். தட்டில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கேட்டான்.

"ஸ்கோர் என்னக்கா? நாம ஜெயிச்சோமா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கட்டிலிலிருந்து அப்பா, ஜெயிச்சாச்சுடா, உனக்கென்ன மறந்துபோச்சா என்று சிரித்தார். தம்பியும் சிரித்தான். பிறகு எழுந்து போய் வாந்தி எடுத்தான். அன்று துவைக்க வந்த மூட்டையை அவள் அவிழ்க்கவில்லை.

மறுநாள் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எலும்பு டாக்டர், தலை டாக்டர் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்தது அவரவர் வெள்ளைக் கோட்டின் அளவுதான். ஆனால் சலவைப் பிரிவுப் பெண் என்றதும் வரிசையில் கொஞ்சம் முன்னால் விட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். இளவயது டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரத்தக்கசிவு ஒண்ணும் இல்ல. ஆனா மூளை நல்லாக் குலுங்கியிருக்கு. அது படத்துல தெரியாது. ஒரு மாசமாவது பந்து பக்கமே போகக்கூடாது. ஆறுறதுக்குள்ள அதே மாதிரி இன்னொரு அடி விழுந்தா ரொம்ப மோசமாயிடும்."

"விழுந்தாதானே டாக்டர்?" என்றான் தம்பி.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. விழுந்தாதான்" என்றாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரம் முழுவதும் எல்லோரும் அவளோடு மல்லுக்கட்டினார்கள். இறுதி ஆட்டம் அடுத்த ஞாயிறு. விழுந்தால்தானே? விழாமல் ஆடினால் போயிற்று. தெருவில் நடக்கிறவனுக்கும்தான் லாரி மோதலாம். இப்படி ஆளுக்கொரு நியாயம். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் முதலில் அன்பாகத்தான் பேசினார்கள். கண்ணு, நீ பயப்படாதே, அவன் சிங்கம் என்றார்கள். அவள் தலையாட்டாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் அன்பு கொஞ்சம் குறைந்தது. தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து, நான் கட்டாயப்படுத்தவில்லை, உங்கள் இஷ்டம் என்று நான்கு தடவை சொன்னார். நான்கு தடவை சொன்னாலே அது கட்டாயம்தானே.

அணியில் இன்னொரு கோல்கீப்பர் இருந்தான். பேருக்கு. மூட்டை என்று கூப்பிடுவார்கள். உருண்டையான, நல்ல மனசுள்ள பையன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். அவனை நிறுத்துவதும் ஒன்றுதான், கோலைத் திறந்து போடுவதும் ஒன்றுதான் என்பது குடியிருப்பின் கணக்கு. அவனுடைய அம்மாவே அவளிடம் வந்து, என் பிள்ளையை ஊரார் வாயில் விழ வைத்துவிடாதே அம்மா என்று கெஞ்சினாள்.

தம்பிக்கு ஸ்கோர் எல்லாம் இப்போது ஞாபகத்தில் இருந்தது. தலை வலிக்கவில்லை என்றான். ஆனால் வெளிச்சம் பட்டால் கண்ணைச் சுருக்கிக்கொண்டான். பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் மட்டும் பக்கத்தைத் திருப்பினான்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பாவே ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு ஆட்டம்தானேம்மா."

"நீங்களுமாப்பா?"

"நான் என்ன சொல்றேன்... இந்தக் கட்டில்ல கிடந்து எனக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு, சொல்லு."

அவள் அவருடைய மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள். அப்பா விழுங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவரை பேசாமல் சுவரில் சாய்ந்து நின்ற தம்பி அப்போதுதான் சொன்னான்.

"நீ ஒண்ணும் என் அம்மா இல்ல. அக்காதான். அதை மறந்துடாத."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஆனால் அவள் அழவில்லை. அன்று காலையிலிருந்து ஒரு எந்திரம் பழுதாகி, பாதித் துணியைக் கையால் அலசியிருந்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். "சரி, அக்காதான். வந்து சாப்பிடு" என்றாள்.

அவனைக் கட்டிப்போட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கதவைப் பூட்டினால் ஜன்னல் வழியாகக் குதிக்கிற பையன். சட்டையை ஒளித்தால் வேறு சட்டை. அவனை நிறுத்தக்கூடியவர் ஒருத்தர்தான். அடுத்த நாள் வேலையில் பாதி நாள் அனுமதி வாங்கிக்கொண்டு குவாரி வாசலுக்குப் போனாள்.

கிரேன்காரர் எடைமேடையின் பக்கத்தில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒரு லாரி ஏறி நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

"அண்ணே, அவனை நீங்க நிறுத்தணும்" என்றாள்.

அவர் லாரியை அனுப்பிவிட்டு வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக இந்தப் பையன்களை எப்படிச் சேர்த்தேன் தெரியுமா என்று தொடங்கினார். மழையில், வெயிலில், பந்துக்குக் காற்றடிக்கக்கூடக் கதியில்லாமல் எப்படிப் பாடுபட்டோம் என்று அடுக்கினார். இந்த ஒரு ஆட்டம், இது கைவிட்டுப் போனால் இந்த ஜனங்களின் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். அவள் குறுக்கே பேசாமல் நின்றாள். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

அவர் ஓய்ந்ததும் சொன்னாள்.

"எங்க ஆஸ்பத்திரியில நெடுநாள் வார்டுன்னு ஒண்ணு இருக்கு. அங்க மூலைக் கட்டில்ல ஒரு பையன். பைக்குல இருந்து விழுந்தவன். அவன் கட்டில் விரிப்பு ஒரு நாளைக்கு மூணு தடவை எங்கிட்ட வரும். முதல்ல அவனைப் பாக்க வராந்தா நிறைய ஆள் நின்னாங்களாம். இப்ப அவங்க அம்மா மட்டும் வர்றாங்க. விரிப்பை அவங்களே உருவிக் கீழ கொண்டுவந்து கொடுத்துட்டுப் போறாங்க."

"அதெல்லாம் வேற விஷயம்மா."

"இருக்கலாம். என் தம்பிக்கு ஒண்ணும் ஆகாமலும் போகலாம். எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியல. ஆனா ஆச்சுன்னா, முதல் நாள் நீங்க எல்லாரும் வருவீங்க, ஒரு மாசம் வருவீங்க. அதுக்கப்புறம் நான் மட்டும்தான் அண்ணே. எனக்கு ஏற்கெனவே அப்பா இருக்காரு. இன்னொருத்தரைத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல."

தம்பி மேல் உள்ள பாசத்தைப் பற்றிப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவள் தன் அலுப்பைப் பற்றித்தான் பேசினாள். அடுத்த லாரி ஹாரன் அடித்தது. போம்மா, பாக்கலாம் என்று எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை பயிற்சியின்போது அவர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு மூட்டைதான் நிற்கிறான் என்று சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, நான் என்னடா செய்யறது, உங்க அக்கா ஒத்துக்கல என்றார். பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவரும் அந்தக் குடியிருப்பில்தானே இருந்தாக வேண்டும்.

சேதி பரவ வெகுநேரம் ஆகவில்லை. சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது வாசல்களில் பேச்சு நின்றது. ஒருத்தி காதில் விழும்படி, சில பேருக்குத் தன் வீடு தன் பிள்ளை, ஊர் எக்கேடு கெட்டால் என்ன என்றாள். வீட்டில் தம்பி பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அவள் தனியாகச் சாப்பிட்டாள். உப்பு போட மறந்திருந்தது. யாரும் சொல்லவில்லை, அவளும் சாப்பிட்டு முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. ஆனாலும் வேறொரு பெண்ணின் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்து, தோற்று வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க அவளால் முடியாது. உருளையின் முன்னால் நின்று விரிப்பு விரிப்பாகக் கொடுத்துக்கொண்டே, திரும்பிப் போனதும் யார் யார் என்னென்ன கேட்பார்கள், தான் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள். மன்னிச்சிடுங்க என்று சொல்லக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

திரும்பும்போது அன்று பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. குடியிருப்புச் சாலைக்குத் திரும்புகிற இடத்தில் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் சத்தம். ஒரு குவாரி லாரி பஸ்ஸைத் தாண்டிப் போயிற்று. லாரி நிறையப் பையன்கள். ஒருத்தன் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு யாரோ கத்தினான்.

"கோலி அக்கா, ஜெயிச்சிட்டோம்!"

லாரியின் பின்பக்க ஓரத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் சாலையின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்ததை அவளுக்கு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போயிற்றாம். எதிரணியின் கடைசிப் பந்து நேராக மூட்டையை நோக்கி வந்ததாம். அவன் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு நகராமல் நின்றானாம். பந்து அவன் வயிற்றில் மோதித் திரும்பிற்றாம். தாவுகிறவனாக இருந்திருந்தால் ஏதாவது ஒரு பக்கம் தாவியிருப்பான், பந்து நடுவில் போயிருக்கும், தாவத் தெரியாதவன் நின்றதுதான் நம்முடைய அதிர்ஷ்டம் என்று ஒருவர் விளக்கினார். அதைத் தம்பி கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை அவர் கவனிக்கவில்லை.

பள்ளி மைதானத்தில் ஒரே கும்மாளம். மூட்டையின் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, உன் புண்ணியத்தில்தான் என் பிள்ளை ஆடினான் என்று தோளில் கண்ணீர் விட்டாள். தன் வீடு தன் பிள்ளை என்று பேசினவளும் வந்து கையைப் பிடித்தாள். கிரேன்காரர் தூரத்திலிருந்து பார்த்தார், வந்து பேசவில்லை. முந்தின நாள் சொன்னதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. ஜெயித்தவர்களுக்கு மறதி அதிகம். அவளுக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு சண்டை போடுகிற நேரமா அது? சிரித்து வைத்தாள். கால் கடுத்தது.

வீட்டுக்கு வந்தபோது தம்பி விளக்குப் போடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"நான் இல்லாமலே ஜெயிச்சிட்டாங்க" என்றான்.

தோற்றுவிட்டு வந்து சண்டை போட்டால் என்ன பேசுவது என்று அவள் நாள் முழுவதும் தயார் செய்து வைத்திருந்தாள். இதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தலையைத் தொடக் கை நீட்டினாள், அவன் நகர்ந்துகொண்டான். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவனுக்குத் தலைவலி பிறகும் வெகுநாள் இருந்தது. பள்ளியில் கரும்பலகையைப் பார்க்க முடியவில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். வகுப்பில் பாதி நாள் மேஜையில் கவிழ்ந்து கிடந்தான். டாக்டரம்மா மறுபடி பார்த்துவிட்டு, நல்லவேளை, ஆட விடவில்லை என்றாள். அந்த நல்லவேளையைக் குடியிருப்பில் யாருக்கும் கொண்டுபோய்க் காட்ட முடியாது. தம்பியிடமும் அவள் சொல்லவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேன் என்று சொல்வதற்கு அவன் வலிதானா கிடைத்தது?

கல்வி அதிகாரிகள் வந்தார்கள். பையன்களோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மூட்டையை நடுவில் நிற்க வைத்தார்கள். அடுத்த வகுப்புகள் தொடங்குவதற்குள் பள்ளிக்கூடத்தை மூடி டவுன் பள்ளியோடு சேர்த்தார்கள். யாரும் வந்து விளக்கம் சொல்லவில்லை. கேட்கப்போனவர்களிடம், கோப்பைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார்களாம். பள்ளியின் மேஜை நாற்காலிகளோடு கோப்பையும் டவுனுக்குப் போயிற்று. அங்கே கண்ணாடி அலமாரியில் ஏற்கெனவே கோப்பைகள் நெருக்கியடித்து நின்றன. இதைப் பின்வரிசையில் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஜனங்கள் வேகமாகக் கலைந்தார்கள். மூட்டையின் குடும்பம் போயிற்று. கிரேன்காரர் மகள் வீட்டோடு போனார். போகும் முன் வந்து வாசலில் நின்று, அப்பாவிடம் ஏதேதோ பேசிவிட்டு, அவளிடம் வரேம்மா என்று மட்டும் சொன்னார். அணியில் பதினொரு பேர் சேரவில்லை.

தம்பி டவுன் பள்ளிக்கு அவளோடு அதே பஸ்ஸில் வர ஆரம்பித்தான். பக்கத்து இருக்கையில் உட்காருவான், பேசமாட்டான். அங்கே பெரிய அணி இருந்தது, அதற்குக் கோல்கீப்பரும் இருந்தான். தேர்வுக்குப் போனானா என்று அவள் கேட்கவில்லை. போனான், எடுக்கவில்லை என்று ஒருநாள் அவனே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பந்து முகத்துக்கு நேராக வந்தால் கண் தானாக மூடிக்கொள்கிறதாம்.

"மூட்டை மாதிரி" என்றான்.

அவன் சிரிக்கிறானா என்று திரும்பிப் பார்த்தாள். சிரித்தான், கொஞ்சம்.

பிறகு இன்னொரு நாள், பஸ் நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது, கேட்டான்.

"அக்கா, அன்னிக்கு நான் ஆடியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தெரியாதுடா."

"ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"அப்ப எதுக்கு நிறுத்தினே?"

அவளுக்கு நீளமாகச் சொல்லத் தோன்றியது. மூலைக் கட்டில் பையனைப் பற்றி, அவனுடைய அம்மாவைப் பற்றி, ஸ்கோர் என்னக்கா என்று தம்பி இரண்டாவது தடவை கேட்டதைப் பற்றி. "பயமா இருந்துச்சு" என்றாள்.

அவன் யோசித்தான். சரி என்கிற மாதிரி தலையாட்டினான். மன்னித்தானா என்பது வேறு விஷயம். அவள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு இருக்கை காலியானதும் அவளை உட்காரச் சொன்னான்.

குடியிருப்பில் பஸ்ஸும் நின்றுபோன பிறகு அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார்கள். குடியேறின அன்று அப்பாவைத் தம்பி முதுகில் சுமந்து படி ஏறினான். அவள் பின்னால் படுக்கையைச் சுமந்துகொண்டு வந்தாள். நடுப்படியில் நின்று அவன் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா எடையே இல்லக்கா."

"பாத்து ஏறு" என்றாள்.

அப்பாவைக் கட்டிலில் கிடத்தியாயிற்று. பாத்திரங்கள் சாக்கில் கட்டியபடியே கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் துணி உலர்த்தும் கூடத்துப் புகைபோக்கி தெரிந்தது. அவள் சுருட்டின படுக்கையை விரித்தாள், கொஞ்சம் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று அதில் சாய்ந்தாள். மத்தியான வெயில் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் தம்பி சத்தமில்லாமல் சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கினான். அப்பா இருமினபோது அவனே எழுந்து தண்ணீர் கொடுத்தான். அவளை யாரும் எழுப்பவில்லை.